ஆம்ப்யூல் ஒன்று, வேகம் இரண்டு: மருந்துக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனைகளின் மருந்துக் குழுவினருக்கும், அவசர சிகிச்சை மற்றும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும், செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். நீங்கள் கூடிப் பேசும் அறையில் எங்களைப் போன்றவர்களுக்கு நாற்காலி போடுவது அபூர்வம். அதனால் மடலாக எழுதுகிறேன். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும்போது ஐ.வி. வழியாக, அதாவது நேராக ரத்த நாளத்தில், கொடுக்கும் மருந்துகளைப் பற்றியது இது. அதிலும் குறிப்பாக அமியோடரோன்.

"அமியோடரோன் 150 மி.கி. ஐ.வி. ஸ்டாட்." கேஸ் ஷீட்டில் பல நேரம் இவ்வளவுதான் இருக்கும்; ஸ்டாட் என்றால் உடனே. எழுதியவருக்கு அது முழுமையான ஆர்டர். கையில் ஆம்ப்யூலோடு, அதாவது மருந்துள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியோடு, நிற்கிற எனக்கு அது பாதி ஆர்டர்கூட இல்லை. எதில் கலப்பது? எத்தனை நிமிடத்தில் ஏற்றுவது? எந்த லைனில்? முடிந்த பிறகு என்ன? திருப்பிக் கேட்டால் பொறுமையாகச் சொல்கிற டாக்டர்கள் உண்டு. "ப்ரோட்டோகால்படி போடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறவர்களும் உண்டு. அந்த ப்ரோட்டோகால் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது.

இந்த மருந்தில் வேகமும் டோஸின் ஒரு பகுதி. மில்லிகிராமை எழுதிவிட்டு நிமிடத்தை எழுதாமல் விடுவது டோஸைப் பாதி எழுதுவதற்குச் சமம். அப்படி வருகிற ஆர்டரை மருந்தகமும் செவிலியரும் திருப்பி அனுப்பலாம், அதற்காக யாரும் யாரையும் கடிந்துகொள்ளக் கூடாது என்று நீங்கள் எழுத்தில் தர வேண்டும். நான் கேட்க வந்தது இதைத்தான். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மீதி மடல்.

கிராஷ் கார்ட்டில், அதாவது அவசர மருந்து வண்டியில், இருக்கும் ஆம்ப்யூலைப் பாருங்கள். 3 மி.லி.க்குள் 150 மி.கி. நாடித்துடிப்பே இல்லாமல், இதயத்தின் கீழறைகள் வெறுமனே நடுங்கும் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனில் கிடக்கிறவருக்கு, மூன்று ஷாக் கொடுத்தும் மீளவில்லை என்றால், இதில் இரண்டை உடைத்து 300 மி.கி.யை அப்படியே வேகமாகச் செலுத்துகிறோம். தேவைப்பட்டால் பிறகு இன்னொரு 150. அங்கே ரத்த அழுத்தம் இறங்கிவிடுமே என்று பயப்பட எதுவும் மிச்சமில்லை. அதே ஆம்ப்யூல், நாடி இருக்கிற, கண் விழித்துப் பேசுகிற நோயாளிக்குப் போகும்போது கதை வேறு. ஒரே ஒரு ஆம்ப்யூல், 100 மி.லி. 5% டெக்ஸ்ட்ரோஸில் கலந்து, 10 நிமிடத்தில். அதாவது நிமிடத்துக்கு 15 மி.கி. அதற்கு மேல் வேகம் கூடாது.

இரண்டுமே சரியான முறைதான், அதுதான் சிக்கல். புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவரோ செவிலியரோ இந்த மருந்தை முதல்முதலாகப் பார்ப்பது பெரும்பாலும் ஒரு அரெஸ்ட்டின்போது, அதாவது இதயம் நின்றுபோன நேரத்தில். அங்கே அது புஷ்ஷாக, ஒரே தள்ளலில் போனதை அவர் கண் பார்த்திருக்கிறது, கை பழகியிருக்கிறது. மறுவாரம் துடிப்பு 170-இல் ஓடிக்கொண்டு, "நெஞ்சு படபடன்னு இருக்கு" என்று சொல்கிற ஒருவர் வருகிறார். ஆர்டர் "150 மி.கி. ஸ்டாட்". பழகிய கை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேகமாகப் போனால் முதலில் விழுவது பி.பி. இந்த ஊசியால் வரும் தொல்லைகளில் முதலிடம் அதற்குத்தான். மருந்து நிறுவனத்தின் தகவல் ஏட்டிலேயே, ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் இறங்கியதாக இருக்கிறது. பழி முழுவதும் அமியோடரோன் மேல் இல்லை. அது தண்ணீரில் எளிதில் கரையாது. அதைக் கரைத்து வைப்பதற்காகச் சேர்க்கிற பாலிசார்பேட் 80 என்ற பொருளுக்கே ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிற குணம் உண்டு. அது இல்லாமல் தயாரித்த வடிவமும் வந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான வார்டுகளில் கைக்குக் கிடைப்பது பழைய வடிவம்தான். அதனால் பி.பி. சரியத் தொடங்கினால் செய்ய வேண்டிய முதல் வேலை வேகத்தைக் குறைப்பது. அதற்கும் அடங்காவிட்டால்தான் ஃப்ளூயிட், பி.பி.யைத் தூக்கும் மருந்து எல்லாம். இதை நானே செய்யலாமா, டியூட்டி டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் நிறுத்தலாம்? ஆர்டரில் ஒரு வரி இருந்தால் போதும். இல்லாததால் நள்ளிரவில் ஃபோன் எடுக்காத ஒருவருக்காகக் காத்திருக்கிறோம், மருந்து தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

இனி, என்னைத் தூங்கவிடாத கணக்குக்கு வருகிறேன்.

முதல் 10 நிமிட லோடிங் (தொடக்க டோஸ்) முடிந்ததும் அடுத்த பாட்டில் மாட்ட வேண்டும். வழக்கமான கலவை, 500 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் 900 மி.கி. ஆறு ஆம்ப்யூல். மி.லி.க்கு 1.8 மி.கி. முதல் 6 மணி நேரம் நிமிடத்துக்கு 1 மி.கி., அதன் பிறகு 18 மணி நேரம் நிமிடத்துக்கு அரை மி.கி. பம்பில் இதை மணிக்கு இத்தனை மி.லி. என்றுதான் போடுகிறோம். முதலில் சுமார் 33, பிறகு சுமார் 17. அந்த ஒரு பாட்டில் 24 மணி நேரத்துக்கு வரும்.

லோடிங் டோஸ் போகும்போது அதே பம்பில் இருந்த எண் என்ன? 100 மி.லி. 10 நிமிடத்தில், அதாவது மணிக்கு 600. லோடிங் முடிந்து பம்பு கத்துகிறது. பக்கத்துக் கட்டிலில் வென்டிலேட்டர் கத்துகிறது. பையைக் கழற்றி, பெரிய பாட்டிலை மாட்டி, ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டு அங்கே ஓடினால், திரையில் 600 அப்படியே நிற்கிறது. 500 மி.லி. பாட்டில் 50 நிமிடத்தில் காலி. ஒரு நாள் முழுவதும் போக வேண்டிய 900 மி.கி. ஒரு மணி நேரம்கூட ஆகாமல் உள்ளே போய்விடும். பம்பு பிழை எதுவும் செய்யவில்லை, சொன்னதைத்தான் செய்தது. அதிக செறிவிலும் அதிக வேகத்திலும் ஏற்றப்பட்டவர்களுக்குக் கல்லீரல் செல்கள் அழிந்து, உயிரிழப்பு வரை போன நிகழ்வுகள் அந்தத் தகவல் ஏட்டிலேயே பதிவாகியிருக்கின்றன.

இதற்கு மாற்று வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. லோடிங்குக்கு ஒரு பம்பு, மெயின்டனன்ஸுக்கு, அதாவது பிறகு தொடர்ந்து ஓடும் டோஸுக்கு, இன்னொரு பம்பு. இரண்டாவதை முன்கூட்டியே சரியான எண்ணில் வைத்துவிட்டுத்தான் முதலாவதைத் தொடங்க வேண்டும். அத்தனை பம்பு இல்லையென்றால், பாட்டில் மாற்றும்போதும் ஆறாவது மணி நேரத்தில் வேகத்தைப் பாதியாக்கும்போதும் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. இன்றைக்கு நம் படிவங்களில் இரண்டாவது கையெழுத்துக்கான கட்டம் பெரும்பாலும் டியூட்டி முடியும்போது மொத்தமாக நிரப்பப்படுகிறது. குழு உறுப்பினர்களுக்கு இது தெரியாது என்றால் ஒரு நாள் மாலை வந்து பாருங்கள். மருந்துகளுக்கு உச்ச எல்லை வைத்துப் பூட்டும் வசதியுள்ள பம்புகள் இருக்கிற இடங்களில்கூட, மருந்துப் பட்டியலை யாரும் பதிவேற்றாமல் வெறும் மி.லி. கணக்கில் ஓட்டுவதுண்டு. வாங்கும்போது காட்டிய அக்கறை அந்தப் பட்டியலை நிரப்பும்போதும் வேண்டும்.

பம்பே இல்லாத வார்டில் சொட்டு எண்ணி ஏற்றுகிறார்களே, அது சரியா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். சரியில்லை. காரணம் சுவாரஸ்யமானது, பலருக்குத் தெரியாதது. முன்பு சொன்ன அதே பாலிசார்பேட், திரவத்தின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. சொட்டின் உருவம் சிறுத்துவிடுகிறது. நீங்கள் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணிச் சரியாகத்தான் வைத்திருப்பீர்கள், ஆனால் ஒவ்வொரு சொட்டிலும் மருந்து குறைவு. 30 சதவீதம் வரை குறைவாகப் போய்விடலாம். பிறகு துடிப்பு அடங்கவில்லை, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி, இதன் மேலேயே இன்னொரு துடிப்பு மருந்தை ஏற்றுகிறார்கள். ஆபத்து அங்கேதான் பிறக்கிறது. அமியோடரோனும் ஈ.சி.ஜி.யில் தெரியும் க்யூ.டி. இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மின்னளவில் மீள எடுக்கும் நேரத்தை, நீட்டுகிற மருந்து, மேலே வருவதும் பெரும்பாலும் அப்படிப்பட்டதாகவே இருக்கும். பம்பு இல்லாத இடத்தில் இந்த இன்ஃப்யூஷனைத் தொடங்கக் கூடாது என்றே விதி வையுங்கள். அந்த நோயாளியை பம்பும் மானிட்டரும் இருக்கிற இடத்துக்கு மாற்றுவது அதற்கான அலைச்சலுக்குத் தகுதியான காரியம்.

கலக்கும் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது ஒரு லேபிளில் தீரக்கூடிய பிரச்சினை. 5% டெக்ஸ்ட்ரோஸில் மட்டும் கலக்க வேண்டும், நார்மல் சலைனில் கூடாது. சர்க்கரை நோயாளி என்று யோசித்து சலைனை எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், நல்லெண்ணம்தான். ரொம்பவும் நீர்த்துப்போகச் செய்தாலும் மருந்து நிலைக்காது, 500 மி.லி.யில் 300 மி.கி.க்குக் குறைவாகக் கலக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற கலவையை பி.வி.சி. பையில் வைத்தால் மருந்து பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு குறைந்துபோகும், ஆகவே கண்ணாடி பாட்டிலோ பாலியோலெஃபின் பையோ வேண்டும். ட்யூப் பி.வி.சி.யாக இருக்கலாம், ஏனென்றால் டோஸ் வகுத்த ஆய்வுகளே அந்த ட்யூபை வைத்து நடந்தவை. கண்ணாடி பாட்டில் என்றால் காற்று உள்ளே போகிற வழியுள்ள செட் வேண்டும் என்பதையும் ஸ்டோர்ஸில் சொல்லிவையுங்கள். பாட்டில் வருகிறது, செட் வருவதில்லை. ஆம்ப்யூலை உறிஞ்சும்போது நுரைக்கும். குலுக்கினால் நுரை பெருகி, அளவே தப்பிவிடும்.

லைன் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற இன்ஃப்யூஷன், மி.லி.க்கு 2 மி.கி.க்கு மேல் செறிவாக இருந்தால் சென்ட்ரல் லைன் (கழுத்து போன்ற இடத்திலிருந்து இதயத்துக்கு அருகே உள்ள பெரிய நரம்புவரை செல்லும் குழாய்) வேண்டும். மேலே சொன்ன 1.8 கலவை அந்த எல்லைக்குள் அடங்குகிறது, கைநரம்பில் ஓட்டலாம். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? 500 மி.லி. பாட்டிலுக்குப் பதில் 50 மி.லி. சிரிஞ்ச் பம்பில் 300 மி.கி.யைப் போட்டு ஓட்டுகிறோம். மி.லி.க்கு 6 மி.கி. இதயம் பலவீனமானவருக்கு நீர் குறைவாகப் போகட்டும் என்ற நோக்கம் நியாயமானது. அந்தச் செறிவைப் புறங்கையில் குத்திய சின்ன வென்ஃப்ளான் ஊசிக்குழாயில் விடுவதுதான் நியாயமில்லாதது. மறுநாள் காலையில் அந்தக் கையைப் பாருங்கள். ஊசி குத்திய இடத்திலிருந்து முழங்கை நோக்கிச் சிவந்த கோடு, தொட்டால் கயிறு மாதிரி தடித்த நரம்பு, நோயாளி கையை நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பார். மணிக்கொரு முறை அந்த இடத்தைப் பார்த்துக் குறிக்கும் படிவம் இருந்தால் கோடு இரண்டு விரல் நீளத்தில் இருக்கும்போதே பிடித்துவிடலாம். சென்ட்ரல் லைன் போட முடியாத நேரத்தில் பெரிய நரம்பாகப் பார்த்து, செறிவைக் குறைத்து ஓட்டுங்கள் என்று ஆர்டரில் எழுதுங்கள்.

அதே லைனில் வேறு எதுவும் போகக் கூடாது. ஹெப்பாரின், சோடியம் பைகார்பனேட், அமினோஃபிலின் மூன்றும் இதனோடு சேரவே சேராது, கலந்தால் படிந்துவிடும். த்ரீ-வே (ஒரே லைனில் பல மருந்தை இணைக்கும் திருகு) இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒன்றாகச் செருகுவது நம் பழக்கம். அரெஸ்ட்டின்போது பைகார்பனேட்டும் அமியோடரோனும் அடுத்தடுத்து ஒரே வழியில் போவது சர்வசாதாரணம். நடுவில் லைனைக் கழுவ ஒரு ஃப்ளஷ் விட வேண்டும், அதற்குச் சில விநாடி போதும்.

இந்த மருந்துக்கு நேர் எதிராக ஒன்று உங்கள் அதே ட்ரேயில் இருக்கிறது: வேகத் துடிப்பைச் சட்டென்று அடக்கும் அடினோசின். அமியோடரோன் மெதுவாகப் போனால்தான் பாதுகாப்பு, அடினோசின் மெதுவாகப் போனால் வீண். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் 10 விநாடிக்கும் குறைவு. 6 மி.கி.யை ஒன்று இரண்டு விநாடிக்குள் தள்ளி, உடனே 20 மி.லி. சலைனால் விரட்டி, கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். புறங்கை நரம்பில் போட்டால் இதயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி சிதைந்துவிடும், முழங்கை மடிப்பில் பெரிய நரம்பு வேண்டும். கேட்கவில்லை என்றால் அடுத்தது 12 மி.கி. சென்ட்ரல் லைன் வழியாகக் கொடுத்தாலோ, நோயாளி டைபிரிடமோலோ கார்பமசெப்பினோ சாப்பிடுகிறவராக இருந்தாலோ, மாற்று இதயம் பொருத்தப்பட்டவராக இருந்தாலோ 3 மி.கி.யில் தொடங்க வேண்டும். ஆஸ்துமாவில் மூச்சை இறுக்கும். தியோஃபிலின் எடுக்கிறவர்களுக்கு வழக்கமான டோஸ் வேலை செய்யாமல் போகலாம்.

அடினோசினில் நான் வற்புறுத்திக் கேட்பது வேறொன்று. தள்ளுவதற்கு முன் நோயாளியிடம் சொல்லுங்கள். மருந்து போன சில விநாடிகளுக்கு மானிட்டரில் கோடு நேராகப் போகும். நெஞ்சில் பாறையை வைத்தது போல அழுத்தும், முகம் சூடாகும், உயிர் போகிறது என்றே தோன்றும். கால் நிமிடத்தில் கடந்துவிடும். இதை முன்னால் சொல்லிவிட்டால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தாங்கிக்கொள்வார். சொல்லாமல் தள்ளினால் அடுத்த முறை ஊசி என்றாலே சிகிச்சையை மறுத்துவிட்டுப் போய்விடுவார். போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: தள்ளும்போது ஈ.சி.ஜி. ஸ்ட்ரிப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். துடிப்பு பழைய நிலைக்குத் திரும்பாவிட்டாலும், அந்தச் சில விநாடி இடைவெளியில் அடியில் இருப்பது ஃப்ளட்டர் என்ற வேறு வகைத் துடிப்புக் கோளாறா என்று ஸ்ட்ரிப் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்ட்ரிப் எடுக்காமல் அடினோசின் போடுவது மருந்தை வீணடிப்பதுதான்.

எல்லாம் சரியாகக் கலந்து, சரியான வேகத்தில் விட்டும் கெடுதல் செய்யக்கூடிய இடங்கள் உண்டு. அங்கே நாங்கள் உங்களைத்தான் நம்பியிருக்கிறோம். பி.பி. ஏற்கெனவே விழுந்து, நினைவு தடுமாறி, வியர்த்துக் கொட்டுகிற நோயாளிக்குத் தேவை 10 நிமிட இன்ஃப்யூஷன் அல்ல, ஷாக். டபிள்யூ.பி.டபிள்யூ. (பிறவியிலேயே இதயத்தில் கூடுதல் மின்பாதை) உள்ளவர்களுக்கு, இதயத்தின் மேலறைகள் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து, துடிப்பு அகலமாகவும் ஒழுங்கில்லாமலும் ஓடும்போது, அடினோசின், வெரபமில், டிகாக்ஸின் மட்டுமல்ல, ஐ.வி. அமியோடரோனும் ஆபத்து. 2014-இல் வந்த அமெரிக்க இதயவியல் வழிகாட்டுதல் அதைக் கெடுதல் தரும் பட்டியலில் வைத்திருக்கிறது. "அமியோடரோன் எல்லாத்துக்கும் சேஃப்" என்ற பேச்சு இன்னும் வார்டுகளில் ஒலிக்கிறது. எங்கிருந்து வந்த நம்பிக்கை என்று தெரியவில்லை. 48 மணி நேரத்துக்கு மேலாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் எடுக்காதவருக்கு துடிப்பின் வேகத்தை மட்டும் குறைக்கலாம் என்று நினைத்து இதை ஏற்றினால், துடிப்பே சீராகிவிடலாம். சீரான இதயம் இடது ஏட்ரியத்தில் தங்கியிருந்த உறைகட்டியை மூளைக்குத் தள்ளிவிடலாம். மானிட்டரில் அழகான சைனஸ் ரிதம் (இயல்பான துடிப்பு), கட்டிலில் ஒரு பக்கம் செயலிழந்த மனிதர். கடைசியாக எப்போது துடிப்பு நன்றாக இருந்தது என்ற கேள்வியை ஆர்டர் படிவத்திலேயே அச்சிட்டுவிடலாம்.

பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்கு ஒரு வார்த்தை. பழைய வடிவத்தில் பென்சைல் ஆல்கஹால் இருக்கிறது. பிறந்த குழந்தைகளுக்கு அது மூச்சுத்திணறலோடு உயிராபத்தை உண்டாக்கக்கூடியது. பெரியவர்கள் வார்டிலிருந்து அவசரத்துக்குக் கடன் வாங்கிய ஆம்ப்யூல் அங்கே போய்ச் சேராதபடி மருந்தகம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துடிப்பைச் சரிசெய்யும் மருந்தே துடிப்பைக் கெடுக்கும் என்பது உங்களுக்குப் பாடம். எங்களுக்கு அது தினசரி வேலை. பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைவாக இருக்கும்போது க்யூ.டி. நீண்டால் டோர்சாட் என்ற உயிராபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். ஆகவே ரத்தப் பரிசோதனை முடிவு வரும்முன் ஏற்ற வேண்டிய அவசரமா, முடிவைப் பார்த்துவிட்டு ஏற்றலாமா என்று சொல்லிவிடுங்கள். சோஃபோஸ்புவிர் கலந்த ஹெபடைடிஸ் சி மருந்து எடுக்கிறவர்களுக்கு அமியோடரோன் சேர்ந்தால் துடிப்பு மோசமாக இறங்கிவிடலாம் என்று 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அவசரப் பிரிவில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதாகத் தெரியவில்லை.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. இதயத்தின் அடிக்கும் விசையைக் கூட்டுகிற அம்ரினோன் என்ற மருந்தும் அமியோடரோனும் மாறிமாறிப் போய்க்கொண்டிருந்ததால், 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அம்ரினோனின் பெயரையே இனாம்ரினோன் என்று மாற்றினார்கள். ஒரு மருந்தின் பெயரை மாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை, அதையே செய்திருக்கிறார்கள். நாம் செய்ய வேண்டியது, ஒரே நிறத்தில் மூடியும் ஒரே அளவில் ஆம்ப்யூலும் உள்ள இரண்டு மருந்துகளை ட்ரேயின் ஒரே கட்டத்தில் அடுக்காமல் இருப்பது. கொள்முதல் பிரிவு மலிவு விலைக்கு நிறுவனத்தை மாற்றும்போதெல்லாம் ஆம்ப்யூலின் தோற்றமும் மாறுகிறது. மாறிய அன்றே எங்களுக்குச் சொல்லுங்கள், இருட்டில் டிரேயைத் துழாவும்போது நாங்களே கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள்.

உலக சுகாதார அமைப்பு 2017-இல் மருந்தால் வரும் தீங்கைக் குறைக்கும் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. கடுமையான, தவிர்க்கக்கூடிய தீங்குகளை 5 ஆண்டுகளில் பாதியாக்குவது இலக்கு. அப்போது சுவரொட்டிகளும் ஒட்டப்பட்டன. ஐ.வி. துடிப்பு மருந்துகள் உயர் ஆபத்து மருந்துகளின் பட்டியலில் இருக்கின்றன, சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டுகிறோம். எங்கள் அலமாரியில் இப்போது சிவப்பு ஸ்டிக்கர் இல்லாத மருந்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஸ்டிக்கர் 600-ஐ 33 ஆக மாற்றாது.

மாற்றுவது ஆள். லோடிங் டோஸ் ஓடுகிற 10 நிமிடமும், அதன் பிறகு சிறிது நேரமும், ஒரு செவிலியர் அந்தக் கட்டிலை விட்டு நகரக் கூடாது. சில நிமிடத்துக்கொரு முறை பி.பி., மானிட்டரில் கண், கை நரம்பில் ஒரு பார்வை. ஒருவருக்கு நான்கு நோயாளிகள் என்று பணிப்பட்டியல் போட்டுவிட்டு இதை எதிர்பார்க்க முடியாது. அந்த நேரத்துக்கு மற்ற மூவரையும் பார்த்துக்கொள்ள யார் என்று டியூட்டி தொடங்கும்போதே பெயர் குறித்துவிடலாம். கண்காணிப்பாளர்களே, இது உங்கள் கையெழுத்தில் முடிகிற காரியம்.

நோயாளி வார்டுக்கு மாறி, மாத்திரைக்கு மாறி, வீட்டுக்குப் போகும்போது இந்த ஊசியை எல்லோரும் மறந்துவிடுகிறோம். உடம்பு மறப்பதில்லை. தொடர்ந்து எடுப்பவர்களின் உடலில் இதன் அரை ஆயுள் சராசரியாக 58 நாள். கொழுப்பில் போய்த் தங்கிக்கொண்டு வாரக்கணக்கில் கசியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கிறவருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) ஏறும், டிகாக்ஸின் அளவு கூடும், அதன் டோஸைப் பாதியாக்க வேண்டும். மருந்தின் எடையில் 37 சதவீதம் அயோடின் என்பதால் தைராய்டு சுரப்பு கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். டிஸ்சார்ஜ் தாளில் "அமியோடரோன் 200 மி.கி." என்று மட்டும் இருக்கும், எதுவரை என்று இருக்காது. அவசரத்துக்குத் தொடங்கிய மருந்தை யாரும் நிறுத்தச் சொல்லாததால் வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஐ.சி.யூ.வில் எத்தனை மி.கி. ஏறியது, ஏன் தொடங்கினோம், எப்போது மறுபரிசீலனை, ஐ.என்.ஆரை எந்தத் தேதியில் பார்க்க வேண்டும்: இந்த நான்கு வரிகளையும் அந்தத் தாளில் எழுதாமல் கணினி அச்சிடவே கூடாது என்று வைத்துவிடுங்கள்.

ஒரு பக்க ஆர்டர் படிவம் ஒன்று வையுங்கள். லோடிங், மெயின்டனன்ஸ் இரண்டுக்கும் கலவை, மி.லி. கணக்கில் வேகம், லைன், பி.பி. எல்லை, ஆறாவது மணி எத்தனை மணிக்கு வருகிறது என்ற நேரம், எல்லாம் அதில் அச்சாகி இருக்கட்டும். டாக்டர் டிக் போட்டுக் கையெழுத்திட்டால் போதும். அரெஸ்ட் டோஸுக்குத் தனிப் படிவம், தனி நிறம், இரண்டையும் ஒரே தாளில் போட வேண்டாம். மருந்தகத்தால் முன்கூட்டியே கலந்த பையைத் தயாரித்துத் தர முடியும் என்றால் அதுவே எல்லாவற்றையும்விட மேல். நள்ளிரவில் ஆறு ஆம்ப்யூலை உடைக்கிற கையும் கணக்குப் போடுகிற மூளையும் ஒரே ஆளுடையது.

படிவத்தின் வரைவை உங்கள் அடுத்த கூட்டத்தில் வைக்கும்போது ஒரு செவிலியரையும் ஒரு மருந்தாளுநரையும் கூப்பிடுங்கள். இரவுப் பணியில் இருப்பவராகப் பார்த்துக் கூப்பிட்டால் நல்லது, கூட்டத்தைக் காலை எட்டு மணிக்கு வைத்தால் டியூட்டி முடிந்து நேராக வந்துவிடுவார்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்